நெட் எங்கே தாமதமாகிறது? பிங், டிரேஸ்ரூட், எம்டிஆர் கொண்டு அளந்து, ஆதாரத்தோடு புகார் செய்யும் முறை

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர், திருவொற்றியூர் போன்ற வடசென்னைப் பகுதிகளில் வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்பீட் டெஸ்ட்டில் 100 எம்பிபிஎஸ் முழுதாகக் காட்டும். ஆனால் வீடியோ அழைப்பில் எதிரில் இருப்பவரின் குரல் அறுந்து அறுந்து வரும், சிங்கப்பூரில் உள்ள அலுவலகக் கணினியில் ஓர் எழுத்தைத் தட்டினால் அது திரையில் தோன்ற நேரமாகும். எனக்கும் இதே தொல்லை இருந்தது. ஒவ்வொரு முறை புகார் செய்தபோதும் லைன் பார்க்கும் தம்பி வந்து, தன் செல்போனில் ஸ்பீட் டெஸ்ட் ஓட்டிக் காட்டி, "நெட்டு நல்லாத்தானேண்ணா வருது" என்று சொல்லிவிட்டுப் புகாரை மூடிவிடுவார். அவர் சொன்னது பொய்யில்லை. ஸ்பீட் டெஸ்ட் பெரும்பாலும் சென்னைக்குள்ளேயே இருக்கும் சர்வரைத் தேர்ந்தெடுத்து, ஒரு நொடியில் எவ்வளவு தரவு வருகிறது என்பதைத்தான் முதன்மையாகக் காட்டுகிறது. ஒரு பாக்கெட் (தரவின் சிறு துண்டு) போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகிறது, வழியில் எத்தனை பாக்கெட்டுகள் தொலைகின்றன, அது எந்த இடத்தில் என்பவற்றை நாம்தான் அளந்து காட்ட வேண்டும்.

இதற்கான கருவிகள் அனைத்தும் இலவசம். அவற்றை ஓட்டுவதைவிட அவை தரும் எண்களைச் சரியாகப் படிப்பதுதான் கடினம் என்பதால், ஐந்தாம் படியைச் சற்று நிதானமாகப் படியுங்கள்.

1. தேவையான பொருட்களும் செலவும்

ஒரு கணினி, ரவுட்டரையும் கணினியையும் நேரடியாக இணைக்க ஒரு லேன் கேபிள், இவ்வளவே போதும். கேட்-5இ அல்லது கேட்-6 வகைக் கேபிள் பர்மா பஜார் கடைகளிலும் தெருமுனைக் கணினிக் கடைகளிலும் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். மடிக்கணினியில் லேன் துளை இல்லையென்றால் யூஎஸ்பி அடாப்டர் ஒன்றும் தேவைப்படும். அதை வாங்குவதைவிட ஒரு நாளைக்கு யாரிடமாவது இரவல் கேட்பதே நல்லது.

ஒரு முகவரிக்குப் பாக்கெட் போய்வரும் நேரத்தை அளக்கும் பிங், வழியில் உள்ள ரவுட்டர்களைப் பட்டியலிடும் டிரேசர்ட் (டிரேஸ்ரூட்டின் விண்டோஸ் பெயர்), இரண்டையும் சேர்த்துச் செய்யும் பாத்பிங் ஆகிய மூன்றும் விண்டோஸில் ஏற்கெனவே உள்ளன. அதே இரண்டையும் விடாமல் செய்துகொண்டே இருக்கும் எம்டிஆர் என்னும் கருவியின் விண்டோஸ் வடிவமான வின்எம்டிஆரை சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். உபுண்டுவில் எம்டிஆரை மென்பொருள் களஞ்சியத்திலிருந்தும், மேக்கில் ஹோம்புரூ வழியாகவும் நிறுவலாம். மேக்கில் அதை ஓட்ட நிர்வாகி உரிமை, அதாவது ஆணைக்கு முன்னால் சூடோ என்ற சொல், தேவைப்படும். ஆணைகளின் ஒலிப்பையே இங்கே தருகிறேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இடுங்கள்.

டேட்டா தீர்ந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். விண்டோஸின் ஒரு பிங் பாக்கெட் 60 பைட்தான். நூறு முறை போய்வந்தாலும் 12 கிலோபைட்டைத் தாண்டாது.

2. அளப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

வைஃபையை அணைத்துவிட்டு, லேன் கேபிளில் மட்டும் இணையுங்கள். வைஃபையில் எடுத்த அளவை இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள் பொதுவாக ஏற்பதில்லை. ஏற்காததிலும் நியாயம் உண்டு. வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டியிருக்கும் நம் தெருக்களில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றின்மேல் ஒன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே இருக்க, அவற்றை ஒரு மாடியின் அத்தனை வீடுகளும் பங்குபோட்டுக்கொள்கின்றன. அந்த நெரிசலை நிறுவனத்தின் தலையில் கட்ட முடியாது.

அலுவலக விபிஎன் இணைப்பைத் துண்டியுங்கள். அது இயங்கினால் பாக்கெட்டுகள் அதன் சுரங்கத்துக்குள்ளேயே போய்விடும். நடுவில் உள்ள இணைய நிறுவனத்தின் ரவுட்டர்கள் ஒன்றுகூடப் பட்டியலில் தெரியாது. வீட்டில் டிவி, செல்போன் முதலியவற்றில் ஓடும் வீடியோக்களையும், பின்னணியில் நடக்கும் மென்பொருள் புதுப்பிப்புகளையும் நிறுத்திவிடுங்கள்.

3. முதலில் வீட்டு ரவுட்டரை அளத்தல்

விண்டோஸில் சிஎம்டி என்று தேடி, கறுப்புத் திரையைத் திறந்து, ஐபிகான்ஃபிக் என்று தட்டுங்கள். 'டீஃபால்ட் கேட்வே' என்ற வரியில் உள்ளதே உங்கள் ரவுட்டரின் முகவரி. அது பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என இருக்கும். பிங் என்ற ஆணையோடு, இடைவெளி விட்டு, -என் 100 என்றும், பிறகு அந்த முகவரியையும் இட்டால், நூறு பாக்கெட்டுகளை அனுப்பி இறுதியில் தொகுத்துக் காட்டும். மேக், லினக்ஸ் கணினிகளில் -என் என்பதற்குப் பதிலாக -சி.

கேபிளில் இந்த எண் ஒரு மில்லி நொடிக்கு உள்ளேயே இருக்க வேண்டும். ஒரு பாக்கெட்கூடத் தொலையக் கூடாது. இங்கேயே ஏற்ற இறக்கம் இருந்தால் கேபிளையோ ரவுட்டரின் துளையையோ மாற்றிப் பாருங்கள். அது சரியாகும் வரை அடுத்த படிக்குப் போவதில் பயனில்லை. கேபிளில் சரியாகவும் வைஃபையில் மோசமாகவும் இருந்தால், 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிப் பாருங்கள். பலருக்குத் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும்.

4. வழியைக் கண்டறிந்து, அதன்மேல் நூறு முறை அளத்தல்

ஒவ்வொரு பாக்கெட்டிலும் டிடிஎல் என்ற ஓர் எண் உண்டு. வழியில் உள்ள ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும். சுழியமானதும் அந்த ரவுட்டர் பாக்கெட்டைக் கைவிட்டு, "காலம் கடந்தது" என்று அனுப்பியவருக்குத் தகவல் தரும். டிரேஸ்ரூட் முதலில் ஒன்று, பிறகு இரண்டு, மூன்று என டிடிஎல் எண்ணைக் கூட்டிக்கொண்டே அனுப்பி, எந்தெந்த ரவுட்டரிடமிருந்து தகவல் வருகிறது, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பட்டியலிடுகிறது. பட்டியலின் ஒவ்வொரு வரியும் ஒரு ஹாப்.

விண்டோஸில் ஆணையின் பெயர் டிரேசர்ட்: 'டிரேஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லோடு ஆர், டி என்ற எழுத்துகளை இடைவெளியின்றிச் சேர்க்க வேண்டும் (tracert). அதன்பின் -டி (-d) என்று இட்டால் பெயர்களைத் தேடாமல் எண்களை மட்டும் காட்டும்; வேகமாக முடியும். பதில் தராத ஹாப்பில் ஒரு பாக்கெட்டுக்கு 4 நொடி வீதம் மூன்றுக்கு 12 நொடி காத்திருக்கும் என்பதால், திரை உறைந்துவிட்டதாக நினைத்து மூடிவிடாதீர்கள். அதிகபட்சம் 30 ஹாப் வரை அது போகும்.

எந்த முகவரியை இலக்காக வைப்பது என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 ஆகிய இரண்டும் ஒரே முகவரியை உலகின் பல ஊர்களில் வைத்திருப்பவை. நீங்கள் அனுப்பும் பாக்கெட் பொதுவாக அருகில் உள்ள ஒன்றுக்குத்தான் போய்ச் சேரும். அங்கே 5 மில்லி நொடி வருகிறது என்பதால் சிங்கப்பூர் வழியும் சரியாக இருக்கிறது என்று ஆகாது. ஆகவே இரண்டு இலக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒன்று 8.8.8.8, மற்றொன்று நீங்கள் உண்மையில் பயன்படுத்தும் அலுவலக சர்வர் அல்லது விளையாட்டு சர்வர். பெயரைக் கொடுக்கும்போது -4 என்றும் சேர்த்து இடுங்கள். இல்லையெனில் ஒரு முறை ஐபிவி6 வழியிலும் மறுமுறை ஐபிவி4 வழியிலும் (இரண்டும் இணைய முகவரியின் இரு வகைகள்) அளந்துவிட்டு, வேறு வேறு பாதைகளை ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

டிரேசர்ட் ஒரு ஹாப்புக்கு மூன்று பாக்கெட்டுகளே அனுப்புகிறது. மூன்றை வைத்து எதையும் நிறுவ முடியாது. வின்எம்டிஆரில் இலக்கை இட்டு ஸ்டார்ட்டை அழுத்தி, 'சென்ட்' என்ற கட்டத்தில் குறைந்தது 100 வரும் வரை ஓட விடுங்கள். ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஆகும். பிறகு எக்ஸ்போர்ட் பொத்தானால் எழுத்துக் கோப்பாகச் சேமியுங்கள். மேக், லினக்ஸ் கணினிகளில் எம்டிஆர் -ஆர் -டபிள்யூ -பி -சி 100 (mtr -r -w -b -c 100) என்று இட்டு இலக்கைத் தந்தால் முடிவு அறிக்கையாக வரும். தொடங்கிய தேதியும் நேரமும் அதன் தலைப்பிலேயே இருக்கும். எதையும் நிறுவ முடியாத அலுவலக மடிக்கணினியில் பாத்பிங் போதும். அது ஒரு ஹாப்புக்கு 25 நொடி எடுத்துக்கொள்ளும் என்பதால் 12 ஹாப் வழிக்கு ஐந்து நிமிடம் பொறுத்திருங்கள்.

ஒரே ஒரு அறிக்கை போதாது. காலை ஆறேழு மணிக்கு ஒன்று, நண்பகலில் ஒன்று, இரவு எட்டரையிலிருந்து பத்தரைக்குள் ஒன்று என ஒரே இலக்குக்கு எடுங்கள். தொடர்ந்து சில நாள் எடுத்தால் இன்னும் உறுதி.

5. எண்களைப் படித்தல்

எம்டிஆர் அறிக்கையில் லாஸ் என்பது தொலைந்த பாக்கெட்டுகளின் விழுக்காடு. ஏவரேஜ், பெஸ்ட், வர்ஸ்ட் என்பவை சராசரி, மிகக் குறைந்த, மிக அதிகமான தாமதங்கள். லினக்ஸ் வடிவத்தில் இறுதியாக வரும் எஸ்டிடெவ் ஏற்ற இறக்கத்தின் அளவு. குரல் அழைப்பைக் கெடுப்பது பெரும்பாலும் சராசரியைவிட இந்த ஏற்ற இறக்கமே.

அறிக்கையைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். கடைசி வரி, அதாவது இலக்கு, சரியாக இருந்தால் நடுவில் எந்த எண் எப்படி இருந்தாலும் கவலையில்லை. மாதிரிக்கு ஒரு பட்டியல் (சராசரி மில்லி நொடியில்):

ஹாப் 1: 192.168.1.1, இழப்பு 0%, சராசரி 0.6
ஹாப் 2: 100.72-இல் தொடங்கும் முகவரி, இழப்பு 0%, சராசரி 3
ஹாப் 3: 10-இல் தொடங்கும் முகவரி, இழப்பு 0%, சராசரி 4
ஹாப் 4: பதிலில்லை, இழப்பு 100%
ஹாப் 5: இழப்பு 40%, சராசரி 88
ஹாப் 6: இழப்பு 0%, சராசரி 35
ஹாப் 7, இலக்கு, சிங்கப்பூர்: இழப்பு 0%, சராசரி 36

இதைப் பார்க்கும் புதியவர் நான்காவது ரவுட்டர் செத்துவிட்டது, ஐந்தாவதில் 40 விழுக்காடு போகிறது என்று புகார் எழுதுவார். உண்மையில் இந்த இணைப்பில் எந்தக் குறையும் இல்லை. நான்காவது ரவுட்டர் பதில் சொல்ல வேண்டாம் என்று அமைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவே. அது செத்திருந்தால் அதற்கு அப்பால் எதுவும் வந்திருக்காது. ஐந்தாவது ரவுட்டர், தன் வழியாகப் போகும் பாக்கெட்டுகளைத் தனி வன்பொருளில் உடனுக்குடன் கடத்திவிட்டு, தன்னிடமே பதில் கேட்கும் பாக்கெட்டுகளுக்கு மட்டும் ஓய்வு கிடைக்கும்போது, அதுவும் ஒரு வரம்புக்குள், பதில் சொல்கிறது. மூலக்கொத்தளம் சந்திப்பில் வண்டிகளை ஒழுங்குசெய்யும் காவலர் நம் கேள்விக்குத் தாமதமாகப் பதில் சொன்னால், வண்டிகள் தேங்கிவிட்டன என்று பொருளாகாது. ஐந்தாவதில் உண்மையாகவே 40 விழுக்காடு தொலைந்திருந்தால் ஆறிலும் ஏழிலும் அதே அளவு தொலைந்திருக்க வேண்டும்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஏதேனும் ஒரு ஹாப்பில் தொடங்கிய தாமதமோ இழப்போ அங்கிருந்து இலக்கு வரை எல்லா வரிகளிலும் தொடர்கிறதா? தொடர்ந்தால், அது தொடங்கும் வரிக்கும் அதற்கு முந்தைய வரிக்கும் நடுவே உள்ள இணைப்பில்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்து, எண் பெரிதாவது எல்லாம் குறையா என்பது. ஃபைபரில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகிறது; போய்வர 100 கிலோமீட்டருக்கு ஒரு மில்லி நொடி. சென்னையிலிருந்து மும்பை ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். எனவே 10 மில்லி நொடிக்குக் கீழே யாராலும் தர முடியாது, நடைமுறையில் 20, 25 வரும். சிங்கப்பூர் சுமார் 2,900 கிலோமீட்டர். கடலடிக் கேபிள் நேராகப் போனாலும் 29 ஆகும், முப்பதுகளில் வந்தால் நல்ல வழி. ஐடூஐ போன்ற கேபிள்கள் சென்னைக் கரையிலிருந்தே சிங்கப்பூருக்குப் போகின்றன. ஆனால் எல்லா நிறுவனமும் அந்த வழியில் அனுப்புவதில்லை. சில நிறுவனங்கள் பாக்கெட்டை மும்பைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து சிங்கப்பூருக்கு அனுப்பும். அப்போது எண் எல்லா நேரத்திலும் ஒரே சீராக அறுபது, எழுபதுக்கு மேல் நிற்கும். லைன் பார்க்கும் தம்பியால் அதைத் திருத்த முடியாது. நிறுவனம் தன் வழித்தடத்தை மாற்றினால்தான் உண்டு, இல்லையேல் நாம் நிறுவனத்தை மாற்ற வேண்டும்.

ரவுட்டர்களின் பெயர்கள் இதற்கு உதவும். பெயரின் நடுவில் மீனம்பாக்கம் விமான நிலையக் குறியீடான எம்ஏஏ இருந்தால் சென்னை, பிஓஎம் என்றால் மும்பை, எஸ்ஐஎன் என்றால் சிங்கப்பூர். பெயரைப் புதுப்பிக்காமல் விடுவதும் உண்டு என்பதால், பெயர் சொல்லும் ஊரும் மில்லி நொடியும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எம்ஏஏ என்ற பெயருள்ள வரியில் திடீரென்று 35 வந்து, அதற்குப் பிறகு ஏறவேயில்லை என்றால், நடுவில் எம்பிஎல்எஸ் தடம் (நிறுவனம் தன் ரவுட்டர்களுக்கிடையே போட்டுவைக்கும் குறியீட்டு வழி) இருக்கக்கூடும். அந்தத் தடத்தில் உள்ள ரவுட்டரின் பதில், தடத்தின் மறுகோடி வரை போய்த்தான் திரும்பி வரும்.

நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். காலையில் 36, இரவில் 140, மறுநாள் காலையில் மீண்டும் 36 என்றால் அது நெரிசல். நிறுவனம் தன் மேல்நிலை இணைப்பின் கொள்ளளவைக் கூட்ட வேண்டும். எல்லா நேரத்திலும் இரண்டாம் ஹாப்பிலிருந்து இலக்கு வரை ஐந்தாறு விழுக்காடு இழப்பு என்றால், உங்கள் வீட்டுக்கும் பகுதி மையத்துக்கும் இடையிலான ஃபைபரையே பார்க்க வேண்டும். எனக்கு இருந்தது இந்த இரண்டாவது வகை. மின்கம்பத்தில் கட்டியிருந்த சிறு பெட்டிக்குள், ஃபைபர் விரற்கடை அளவுக்கு இறுக்கி மடிக்கப்பட்டுக் கிடந்தது; பெட்டியின் மூடி இல்லை, உள்ளே ஈரம். எண்ணூர் பக்கம் கண்டெய்னர் லாரிகள் தாழத் தொங்கும் கேபிளை இழுத்துவிட்ட பிறகு அவசரமாக ஒட்டிய இணைப்புகளிலும், மெட்ரோவுக்காகத் தோண்டிய சாலைகளிலும் இதுபோன்றவற்றைக் காணலாம்.

இதை உறுதி செய்ய இன்னும் ஓர் எண் உண்டு. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஆப்டிகல் அல்லது பான் என்ற தலைப்பின் கீழ் ஆர்எக்ஸ் பவர், அதாவது உங்கள் ரவுட்டருக்கு வந்துசேரும் ஒளியின் வலு, டிபிஎம் என்ற அலகில் காட்டும்; எண் கீழே இறங்க இறங்க ஒளி மங்கல். -15 முதல் -25 வரை நலம். பரவலாகப் பயன்படும் ஜிபான் (வீட்டு ஃபைபர் இணைப்பின் தொழில்நுட்பம்) கருவிகள் -27 வரைதான் தாங்கும் என்பதால், -27, -28 என்று கண்டால் மறு பேச்சில்லாமல் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். அலுவலக சர்வர் பிங்கையே தடுத்திருந்தால் கடைசி வரி வராது. லினக்ஸ் எம்டிஆரில் பெரிய டி, பெரிய பி 443 (-T -P 443) என்று சேர்த்தால், இணையப் பக்கங்கள் செல்லும் டிசிபி வாசல் வழியாக அளக்கும். மேலும், பாக்கெட் போன வழியிலேயே பதில் திரும்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. திரும்பும் வழியின் குறையும் நம் அறிக்கையில் போகும் வழியின் குறை போலவே தெரியும். சிங்கப்பூரில் உள்ள சக ஊழியரிடம் எதிர்த்திசையில் ஓட்டச் சொல்லலாம். ஆனால் உங்கள் இரண்டாம் ஹாப் 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் இருந்தால், பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிர்கின்றன என்று பொருள், அவருடைய அளவீடு உங்கள் வீடு வரை வந்து சேராது.

6. அப்லோடு நடக்கும்போது ஒரு சோதனை

8.8.8.8-க்குப் பிங் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பெரிய கோப்பை கிளவுடுக்கு ஏற்றுங்கள். 5 என்றிருந்த எண் 200, 300 என்று ஏறி, ஏற்றம் முடிந்ததும் இறங்கினால், பெரும்பாலும் ரவுட்டரின் வரிசையில் பாக்கெட்டுகள் தேங்கிக் காத்திருக்கின்றன. ரவுட்டரில் கியூஓஎஸ் (போக்குவரத்தை ஒழுங்குசெய்யும்) வசதி இருந்தால், அப்லோடு வேகத்தைத் திட்ட வேகத்தில் 90 விழுக்காட்டுக்கு வரம்பிடுங்கள். இதற்காகப் புகார் செய்து யாரையும் அலைக்கழிக்க வேண்டியதில்லை.

7. புகாருக்கான ஆவணங்கள்

கீழ்க்கண்டவற்றை ஒரே கோப்புறையில் சேருங்கள்: வாடிக்கையாளர் எண், திட்டத்தின் பெயர், கடைசியாகக் கட்டிய பில், லேன் கேபிளில் எடுத்த எம்டிஆர் அறிக்கைகள், ஒவ்வொன்றின் கோப்புப் பெயரிலும் தேதியும் நேரமும், மூன்றாம் படியில் எடுத்த வீட்டு ரவுட்டரின் பிங் முடிவு, ஆர்எக்ஸ் பவர் பக்கத்தின் படம், ஃபைபரில் ஒளி வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு ரவுட்டரில் சிவப்பாக மின்னினால் அதன் படம்.

நம் பகுதிக்கே உரிய ஒரு கண்ணி பில்லில் இருக்கிறது. இணைப்பைக் கொடுத்த கேபிள்காரரிடமே மாதா மாதம் ஜிபேயில் பணம் அனுப்பிவிட்டு, ரசீது வாங்காமல் இருப்பவர்கள் பலர். புகார் மேலே போகும்போது, உரிமம் பெற்ற நிறுவனத்தின் பெயரிலும் உங்கள் பெயரிலும் உள்ள பில்தான் செல்லும். நிறுவனத்தின் செயலியில் உங்கள் எண்ணை இட்டு, கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். பழைய குடித்தனக்காரரின் பெயரிலேயே கிடப்பதும் உண்டு.

அறிக்கையைக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் அப்படியே போடாதீர்கள். உங்கள் பொது ஐபி முகவரியும் அலுவலக சர்வரின் பெயரும் அதில் இருக்கும்; மறைத்துவிட்டுப் போடுங்கள்.

8. புகார் செய்தலும் மேல்முறையீடும்

புகாரில் "நெட் ஸ்லோ" என்று எழுதாதீர்கள். எழுதினால் மீண்டும் ஸ்பீட் டெஸ்ட்தான் வரும். "லேன் கேபிளில் அளக்கும்போது முதல் ஹாப்பில் இழப்பு இல்லை, இரண்டாம் ஹாப்பிலிருந்து இலக்கு வரை தொடர்ச்சியாக 6 விழுக்காடு இழப்பு, ஆர்எக்ஸ் பவர் -28, அறிக்கைகள் இணைப்பில்" என்பது போல, தொடங்கும் இடம், அளவு, நேரம் மூன்றையும் எழுதி மின்னஞ்சலில் அனுப்புங்கள். தொலைபேசியில் சொன்னாலும் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அந்த எண் இல்லாமல் அடுத்த படி இல்லை.

பதில் திருப்தி தரவில்லையென்றால், அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாட்களுக்குள் முறையிடலாம். கட்டணம் கிடையாது, 39 நாட்களுக்குள் அவர் முடிவு தர வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-இல் வகுத்த விதி. டிராய்க்கே தனிப்பட்ட புகாரை அனுப்பிக் காலம் கடத்தாதீர்கள். அது தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை. அதற்கு மேல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, பிறகு சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் ஆணையத்தில் மனுக் கட்டணம் இல்லை. பிராட்பேண்ட் பில் அந்த எல்லையைத் தொடப்போவதில்லை என்றாலும், மாதம் எழுநூறு ரூபாய் பில்லுக்காக அங்கே போய்வரும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள். வேறு நிறுவனம் உங்கள் தெருவில் இருந்தால் மாறிவிடுவதே மலிவு என்பது என் எண்ணம்.

லைன் பார்க்க வரும் தம்பி வேலை முடிந்ததும் புகாரை மூட ஓடிபி கேட்பார். பகலில் வந்து பகலிலேயே கேட்டால், ஆர்எக்ஸ் பவர் எண்ணை அவர் முன்னாலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். "ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டு ஓடிபி அனுப்புறேன் தம்பி" என்று சொல்லி, அதே கேபிளில், அதே இலக்குக்கு, அதே நூறு பாக்கெட்டுகளோடு இரவில் ஓட்டிப் பார்த்த பிறகே அனுப்புங்கள்.